நாவல்பழ வாளி: வன்னி வெக்கையில் ஒரு முதல் நொதிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் குளத்துக்கு அண்மையில் வசிக்கும் என் பெறாமகள், ஊறுகாயும் ஜாமும் செய்து அயலில் விற்று வருபவள். ஊறுகாய்க்கு வேண்டிய வினாகிரியைக் கடையில் வாங்குவதை விட்டு, குளக்கட்டோர நாவல் மரங்களின் கீழ் ஆடியிலும் ஆவணியிலும் கொட்டி மண்ணோடு மண்ணாகும் பழத்திலிருந்து தானே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வினாகிரிக்குக் குறுக்குவழி கிடையாது. பழச்சாற்றில் உள்ள சீனி முதலில் மதுசாரமாக மாற வேண்டும். அந்த மதுசாரம் பிறகு காற்றுப்பட்டு, வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலமாக வேண்டும். அதாவது நல்ல வினாகிரி வேண்டுமானால் முதலில் நல்ல வைன் ஆக வேண்டும். அவள் தடுக்கி விழுந்தது அந்த முதற்படியில்தான். முதலாவது வாளி முழுவதும் கெட்டுக் குப்பைக்கிடங்குக்குப் போனது. இரண்டாவது வாளி தேறியது. இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் இரண்டுக்கும் அருகில் இருந்தேன். வெப்பநிலையையும் அடர்த்தியையும் அவள் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததால் இதை எழுத முடிகிறது.

தொடங்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் தயாரிப்பது குற்றமாகும். வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்கள் தங்கள் சமையலறையில் வைன் ஆக்கிப் படம் அனுப்புவதைப் பார்த்து, இங்கும் அப்படியே செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கு விபரிக்கப்படுவது வீட்டு அளவிலான வினாகிரிக்காகச் செய்யப்பட்டது. எடுத்த வைன் முழுவதும் வினாகிரியாகவே முடிந்தது. அளவைப் பெருப்பிக்க நினைப்பவர் முதலில் மதுவரித் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வதே முறை.

முதலாவது வாளி

செய்முறையை அவள் தன் கைப்பேசியில் தேடி எடுத்திருந்தாள். அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதை அவளோ நானோ கவனிக்கவில்லை. பழத்தைப் பிசைந்து, சீனியும் தண்ணீரும் சேர்த்து, ஈஸ்ட் தூவி, துணியால் மூடி, நாள்தோறும் கிளறியபடி 3 வாரம் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த 3 வாரம் என்ற சொல்லே இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுகிறேன்.

6 கிலோகிராம் நாவல்பழத்தை அவள் பொறுக்கி, கழுவி, விதை நீக்கினாள். காட்டு நாவலில் விதையின் பங்கு அதிகம்; சதையும் தோலுமாக ஏறத்தாழ 4 கிலோகிராமே கிடைத்தது. விதை நசுங்கினால் கசப்பு இறங்கும் என்பதால் கையாலேயே பிசைந்தாள். மணிக்கட்டு வரை ஏறிய ஊதா நிறம் நான்கு நாட்களுக்குப் போகவில்லை. அதனுடன் 6 லீற்றர் கிணற்றுத் தண்ணீரும் 2 கிலோகிராம் சீனியும் சேர்ந்து வாளியில் ஏறத்தாழ 11 லீற்றர் கலவை இருந்தது. பாண் போடும் ஈஸ்டில் இரண்டு தேக்கரண்டியை நேரே மேலே தூவி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, தகரக் கூரை போட்ட குசினியின் மூலையில் வைத்தாள்.

கலவையில் சீனி கூடினால் அடர்த்தி கூடும், சீனி கரையக் குறையும். அதை அளக்க அவளிடம் நீரமானி (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை வாசிக்கும் கருவி) இருக்கவில்லை. பால் சேகரிப்பு நிலையம் நடத்தும் அயலவரிடம் பால்மானி ஒன்றை இரவல் வாங்கினாள். பால்மானியின் அளவுகோல் பாலுக்கு உரியது, தண்ணீரை 1.000 என்று கொண்டால் ஏறக்குறைய 1.015 முதல் 1.040 வரையிலான அடர்த்தியையே அது காட்டும். சீனிக் கலவையில் இட்டபோது கோல் முழுவதும் வெளியே நிற்க, குமிழ் மட்டும் அமிழ்ந்து மிதந்தது. அது பழுது என்று அவள் நினைத்தாள். பழுதில்லை, கலவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்ட அடர்த்தியில் இருந்தது. பழத்தின் சீனியை ஏறத்தாழ 400 கிராம் என்று கொண்டு நான் பின்னர் கணக்கிட்டபோது, லீற்றருக்கு 218 கிராம் சீனி, தொடக்க அடர்த்தி 1.082 அளவில் என்று வந்தது. முழுவதும் நொதித்திருந்தால் 11 முதல் 12 சதவீத மதுசாரம் கிடைத்திருக்கும். பாண் ஈஸ்டுக்கு அது எட்டக்கூடிய எல்லைதான், ஆனால் எல்லை.

மறுநாள் விடியவே தொலைபேசி வந்தது. “பெரியம்மா, வாளி பொங்கி வழியுது, ஒருக்கா வந்து பாருங்கோ.” நான் போனபோது தோல்களெல்லாம் மேலே எழும்பி, நான்கு விரல்கிடை தடிப்பில் ஒரு மூடியாகி, துணியைத் தூக்கி நின்றன. வாளியின் பக்கத்தில் கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. இரண்டாம் நாள் மதியம் குசினியில் 33 பாகை செல்சியஸ். வாளியின் நடுவில் 37. பால்மானி அன்றுதான் முதன்முறையாக அளவுகோலுக்குள் வந்து 40 என்று, அதாவது 1.040 என்று காட்டியது. மூன்றாம் நாள் 24. நான்காம் நாள் 22. ஆறாம் நாளும் 22. நுரை அடங்கி, தோல் மூடி கீழே அமிழத் தொடங்கியிருந்தது.

அந்த நான்காம் நாளில்தான் முடிவெடுத்திருக்க வேண்டும். அவளோ செய்முறையில் 3 வாரம் என்று இருக்கிறதே என்று, இன்னும் பதினைந்து நாட்களுக்கு மேல் இருப்பதாக எண்ணி, நாள்தோறும் துணியை அவிழ்த்துக் கிளறிக் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் அதைத் தடுக்கவில்லை. நொதித்தலின் சமன்பாட்டை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் அந்த வாளியின் முன் நாட்காட்டியையே நம்பினேன். ஒன்பதாம் நாள் துணியை அவிழ்த்தவள், “கியூடெக்ஸ் மணக்குது” என்றாள். நகப்பூச்சின் மணம். பன்னிரண்டாம் நாள் மேற்பரப்பில் அரிசிக் கஞ்சியில் படியும் ஆடை போல மெல்லிய வெண்படலம் இருந்தது. துணியின் ஓரத்தில் பழ ஈக்கள். பதினெட்டாம் நாள், கிளறும்போது படாமல் வாளியின் சுவரில் ஒட்டிக் காய்ந்திருந்த தோல் துண்டுகளில் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. பூஞ்சணம் கண்ட பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பூஞ்சண நச்சுக்கள் திரவத்தினுள் இறங்கக்கூடியவை என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. வாளி முழுவதையும் கொட்டினோம்.

ஏன் நின்றது

இந்த வாளியில் இரண்டு தனித்தனிக் கேடுகள் நிகழ்ந்தன. ஒன்று, நொதித்தல் பாதியில் நின்றது. மற்றையது, நின்ற பிறகு காற்றுப்பட்டுக் கெட்டது. பலரும் இரண்டையும் ஒன்றாக்கி “புளிச்சுப்போச்சு” என்று முடித்துவிடுவதால் அடுத்த வாளியும் அதே வழியில் போகிறது.

முதலில் வெப்பம். மதுவம், அதாவது ஈஸ்ட், சீனியை எதனோல் என்ற மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றும்போது வெப்பமும் வெளியாகிறது. ஒரு லீற்றரில் 10 கிராம் சீனி நொதித்தால், அந்த வெப்பம் எங்கும் போகாதிருப்பின், கலவை ஏறத்தாழ 1.3 பாகை சூடேறும். முதல் இரண்டு நாட்களில் லீற்றருக்கு நூறு கிராமுக்கு மேல் சீனி கரைந்திருக்கிறது. பதின்மூன்று பாகைக்கு மேல் ஏறவேண்டியது, வாளியின் பக்கங்களால் காற்றுக்கு இழந்ததால் நான்கு பாகையுடன் நின்றது. குளிர்நாட்டில் 18 அல்லது 20 பாகையில் இருக்கும் சமையலறையில் இந்த நான்கு பாகை நன்மையே செய்யும். எங்கள் குசினி ஏற்கெனவே 33 பாகையில் இருந்தது. மதுவம் 30 பாகையை ஒட்டித் துடிப்பாக வளரும். 35 பாகைக்கு மேல் அதன் கலத்தைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு தளர்கிறது. அந்த நிலையில் சூழ மதுசாரமும் இருந்தால், குறைந்த வெப்பத்தில் தாங்கிய அதே மதுசாரத்தை அதனால் தாங்க முடிவதில்லை. 1.022 இல் நின்றபோது கலவையில் ஏறத்தாழ 8 சதவீத மதுசாரமும், லீற்றருக்கு 80 கிராம் அளவில் சீனியும் இருந்தன. சீனி தீர்ந்து நிற்கவில்லை, மதுவம் களைத்து நின்றது.

வேகமும் வெப்பத்தின் பிள்ளைதான். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இவ்வகை உயிர்த் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. குளிர்நாட்டில் வாரக்கணக்கில் நடப்பது இங்கு மூன்று நாளில் நடந்து முடிந்துவிடுகிறது. 3 வாரம் என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. தன் அறையின் நாட்களை எழுதினார்.

வன்னியில் இது புதிய அறிவும் அல்ல. பனையிலிருந்து இறக்கும் கள், முட்டியில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பது மாலையில் புளிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் வினாகிரியின் பக்கம் போய்விடும். நொதிக்காத கருப்பநீர் வேண்டுமென்றால் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தைத் தடுக்கிறது. முதலாவது வாளியைக் கொட்டிய வாரத்தில், நாற்பது வருடமாகச் சீவல் தொழில் செய்த அயலூர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “பிள்ளை, கள்ளுக்கு நாள்க் கணக்கில்லை. நுரையைப் பார், மணத்தைப் பார்” என்றார். அவர் சொன்னதற்கும் நீரமானிக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் பானையைப் பார்க்கச் சொல்கின்றன. பால்மானியின் 22 என்ற எண் நான்காம் நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கேடு காற்று. முதல் இரண்டு நாட்களில் மதுவம் பெருகுவதற்குக் காற்று வேண்டும். துணி மூடியும் கிளறலும் அப்போது சரியானவையே. நுரை பொங்கும் வரை காபனீரொட்சைட்டு மேலே ஒரு போர்வையாக நிற்கிறது. நுரை அடங்கியதும் போர்வை போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு கிளறலும் மதுசாரத்துக்குள் ஒட்சிசனைக் கலப்பதாகும். அசற்றிக்கமில பற்றீரியாக்களும் மேற்பரப்பில் படலமாக வளரும் காட்டு மதுவங்களும் காத்திருப்பது இதற்காகத்தான். அவற்றின் அமிலம் மதுசாரத்துடன் சேர்ந்து உருவாகும் எதைல் அசற்றேற்றுதான் அந்த நகப்பூச்சு மணம்; பழத்தோலில் வரும் காட்டு மதுவங்களும் அதை நேரடியாக உண்டாக்கும். வினாகிரி ஆக்குவதுதானே நோக்கம், பற்றீரியா வந்தால் என்ன என்று கேட்கலாம். சீனி மிச்சமிருக்க, வெண்படலமும் பூஞ்சணமும் பழ ஈயும் ஒன்றாகப் புகுந்த கலவையில் எந்த உயிர் வெல்லும் என்பது நம் கையில் இல்லை. வைன் முடிந்து, தெளிந்து, சீனியற்று இருக்கும்போதே வினாகிரிப் பற்றீரியாவுக்குக் கதவு திறக்க வேண்டும்.

சிறு குற்றங்களும் இருந்தன. ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்காமல் நேரே சீனிக் கலவையில் தூவியதால் ஒரு பகுதி தொடக்கத்திலேயே இறந்திருக்கும். மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் உணவு நீர்த்த நாவல் சாற்றில் குறைவு. பழத்தின் தோலில் வந்த காட்டு உயிர்களை அடக்க எதுவும் செய்யப்படவில்லை.

மெதனோலும் போத்தலும்

ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: “இதிலை கண் போகாதோ?” கசிப்புக் குடித்துப் பார்வை இழந்தவர்களின் கதைகளை அறிந்த ஊரில் அந்தப் பயம் நியாயமானது. கண்ணைப் பறிப்பது மெதனோல் என்ற நச்சு மதுசாரம். ஜாமை இறுகச் செய்யும் பெக்ரின் பழத்தில் உண்டு; அதிலிருந்து சிறிதளவு மெதனோல் எந்தப் பழ வைனிலும் உண்டாகும். நொதித்தலில் உண்டாகும் அந்த அளவு கண்ணைப் பறிக்கும் அளவு அல்ல. ஆபத்து, வைனைக் காய்ச்சி வடிப்பதிலும், தொழிற்சாலை மதுசாரம் கலப்பதிலும் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் காய்ச்சி வடிக்கக் கூடாது. அது சட்டத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் விரோதமானது.

நாங்கள் உண்மையில் கண்ட ஆபத்து வேறு. ஒரு கிலோகிராம் சீனி முழுவதும் நொதித்தால் 250 லீற்றருக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியாகும். முதலாவது வாளியிலிருந்து மாதிரி பார்ப்பதற்கென்று இரண்டாம் நாள் அரை லீற்றர் எடுத்து, குளிர்பானம் வந்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் ஊற்றி, மூடியை இறுக்கித் தட்டில் வைத்திருந்தாள். மாலையில் பார்த்தபோது போத்தலின் குழிந்த அடி வெளியே தள்ளி உருண்டையாகி, அது நிமிர்ந்து நிற்க மாட்டாமல் சாய்ந்து கிடந்தது. சுவர் கல்லைப்போல் இறுகியிருந்தது. ஈரத்துணியால் போர்த்தி, மூடியைக் கால் சுற்றாக, இடைவிட்டு இடைவிட்டுத் திறந்தோம். அப்படியும் பாதி சுவரில் அடித்தது. அதுவே கண்ணாடிப் போத்தலாக இருந்திருந்தால் இந்த ஆய்வை வேறு தொனியில் எழுத வேண்டியிருந்திருக்கும். நொதிக்கும் எதையும் இறுக மூடக்கூடாது. காற்றோட்டமில்லாத சிறிய அறையில் பெரிய அளவில் வைப்பதும் கூடாது; காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது, தாழ்வான இடத்தில் தேங்கும்.

பாத்திரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அலுமினியமும் பித்தளையும் இந்த அமிலத்தில் கரையும், உணவுக்குரிய பிளாஸ்ரிக், கண்ணாடி, கறையில்லா உருக்கு ஆகியவை போதும்.

இரண்டாவது வாளி

ஆவணியில் மறுபடியும் 6 கிலோகிராம் பழம் கிடைத்தது. இம்முறை நான் கற்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத்திலிருந்து நீரமானி ஒன்றை இரவல் பெற்றோம். முதலில் சீனியைக் குறைத்தோம். வினாகிரிக்கு 11 சதவீத மதுசாரம் தேவையே இல்லை. 7 அல்லது 8 சதவீதம் போதும், அதற்கு மேற்பட்டால் வினாகிரிப் பற்றீரியாவே தயங்கும். 6 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 1.1 கிலோகிராம் சீனியைக் கரைத்து, அந்தச் சூட்டோடு பழச் சதையின் மேல் ஊற்றி மூடிவைத்தாள். தோலின் காட்டு உயிர்களை அது பெருமளவு அடக்கியது. நிறமும் நன்றாக இறங்கியது. 29 பாகைக்கு ஆறியதும் நீரமானி 1.055 காட்டியது.

பாண் ஈஸ்டையே மறுபடியும் எடுத்தோம். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வைன் மதுவம் அனுப்புவதாகச் சொன்னதை நான் வேண்டாம் என்றேன். மதுவத்தையும் மாற்றிவிட்டால், முதல் வாளி கெட்டதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்ற பேச்சு முடிவுக்கு வராது. ஒரு தேக்கரண்டியை 37 பாகை நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தாள். அத்துடன் அரைத் தேக்கரண்டி ஈஸ்டைத் தனியே ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, அந்த இறந்த மதுவத்தையும் உள்ளே விட்டாள். உயிருள்ள மதுவத்துக்கு இறந்த மதுவம் நைதரசன் உணவாகும்.

வெப்பத்துக்கு வழி சோழகக் காற்றே தந்தது. ஆடி, ஆவணியில் வன்னியில் வீசும் காற்று உலர்ந்தது. ஈரச் சாக்கைக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நீர் ஆவியாகும்போது தான் தொட்டிருக்கும் பொருளிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வாளியைக் குசினியிலிருந்து எடுத்து வடக்குப் பக்க விறாந்தையின் நிழலில், காற்றுப்படும் இடத்தில், அகன்ற தாச்சி ஒன்றினுள் வைத்தாள். தாச்சியில் நான்கு விரல்கிடை தண்ணீர். வாளியைச் சுற்றி நெல்லுச் சாக்கு ஒன்றைக் கட்டி, அதன் அடிவிளிம்பு தண்ணீரில் தோயும்படி விட்டாள். சாக்கு தானே நீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டது. மதியம் மட்டும், குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தாச்சியில் போட்டாள். விறாந்தையில் 33 பாகை இருந்த மதியங்களில் வாளியின் நடுவில் 29 அல்லது 30 பாகையே இருந்தது. முதல் வாளியில் கலவை அறையைவிட நான்கு பாகை மேலே நின்றது; இங்கு மூன்று நான்கு பாகை கீழே நின்றது.

முதல் இரண்டு நாட்களும் துணி மூடி. காலை, மதியம், மாலை என மூன்று முறை தோல் மூடியை அமிழ்த்திவிட்டாள். மேலே காய விட்டால் பூஞ்சணம் பிடிக்கும் இடம் அதுதான் என்பதை முதல் வாளி கற்பித்திருந்தது. மூன்றாம் நாள் நீரமானி 1.018. நுரை குறையத் தொடங்கியது. அன்றே, நுரை முற்றாக அடங்கும் வரை காத்திராமல், வெந்நீரில் போட்டெடுத்த துணியால் வடித்து, ஒடுங்கிய வாயுள்ள பெரிய போத்தலுக்கு மாற்றினாள். ஏறத்தாழ 8 லீற்றர் கிடைத்தது. பாமசியில் வாங்கிய புதிய சேலைன் குழாயின் ஒரு முனையை மூடியில் துளையிட்டு மெழுகால் அடைத்து, மறு முனையை அரைப் போத்தல் தண்ணீரில் அமிழ்த்தினாள். வாயு வெளியே போகும். காற்று உள்ளே வராது. அன்றிரவு முழுவதும் அந்தத் தண்ணீரில் குமிழி வந்த ஓசையை எண்ணிக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் 1.004. ஏழாம் நாள் 0.998. எட்டாம், ஒன்பதாம் நாட்களும் 0.998. முதல் வாளியிலும் எண் அசையாமல் நின்றது, இங்கும் நின்றது. வேறுபாடு, எந்த எண்ணில் நின்றது என்பதில்தான். மதுசாரம் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், சீனி தீர்ந்த வைன் 1.000 இற்குச் சற்றுக் கீழே போய் நிற்கும். 1.022 இல் நிற்பது மறியல், 0.998 இல் நிற்பது முடிவு. ஒரு துளி நாக்கில் வைத்தாலும் தெரியும்: இனிப்பு துளியும் இல்லை, நாவலின் துவர்ப்பும் மெல்லிய புளிப்பும் மட்டுமே. அளக்கும்போது ஒரு சிறு கவனம் வேண்டும்: நீரமானியில் ஒட்டும் குமிழிகள் அதை மேலே தூக்கிப் பொய் சொல்ல வைக்கும்; கோலை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்ட பின்பே வாசிக்க வேண்டும். கணக்கின்படி 7.5 சதவீத மதுசாரம்.

நேர்மையாகச் சொல்வதானால், இரண்டாவது வாளியில் நாங்கள் மாற்றியது ஒன்றை மட்டுமல்ல. சீனி, ஈஸ்டின் அளவும் ஊறலும், உணவு, சூடாக்கல், வெப்பநிலை, காற்று என்று பலவற்றை மாற்றினோம். சீனி குறைந்ததும் உதவியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும் முதல் வாளி 37 பாகையைத் தொட்ட மறுநாளே தளர்ந்து நின்றதும், அப்போது மதுசாரம் 8 சதவீதத்தையே எட்டியிருந்ததும், பாண் ஈஸ்ட் அந்த அளவைத் தாண்டக்கூடியது என்பதும் சேர்ந்து, வெப்பத்தின் மீதே என் விரலை நீட்டச் செய்கின்றன.

வினாகிரி

ஒரு வாரம் தெளிய விட்டு, அடிமண்டியைத் தொடாமல் வைனை மட்டும் வடித்தெடுத்தாள். இப்போது காற்றைத் தடுத்தது போதும். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடிகளில், சூடாக்கப்படாத கள்ளு வினாகிரியை ஒரு பங்குக்கு மூன்று பங்கு வைன் என்ற கணக்கில் கலந்து, பழ ஈ புகாத நெருக்கமான துணியால் கட்டி வைத்தாள். வைனில் படியும் படலம் ஓர் உயிர்ப்பொருள், அது காற்றைக் கொண்டே மதுசாரத்தை அமிலமாக்குகிறது என்பதை 1860களில் லூயி பாஸ்ரர் நிறுவினார். பத்தாம் நாள் எங்கள் ஜாடிகளிலும் அந்தப் படலம் வந்தது. முதல் வாளியின் பொடிந்த வெண்படலம் போலன்றி, ஈரமான பட்டுத்துணி போல ஒரே விரிப்பாக இருந்தது. வன்னியின் 30 பாகை இந்தப் பற்றீரியாவுக்கு மிகவும் உகந்தது. இங்கு சாக்கும் ஐஸ் போத்தலும் தேவைப்படவில்லை.

ஆறு வாரம் கழித்து, எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று அறிய, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் நியமிப்பை ஆய்வுகூடத்தில் செய்தோம். 10 மில்லிலீற்றர் வினாகிரியை 100 ஆக ஐதாக்கி, அதில் 10 மில்லிலீற்றரைக் குடுவையில் எடுத்து, அளவியிலிருந்து 0.1 மோல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டைச் சொட்டாக விட்டாள். அமிலம் தீர்ந்ததும், நிறத்தால் அதைக் காட்டும் பினோத்தலீன் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். ஆனால் நாவலின் நிறமே ஒரு காட்டி: அமிலத்தில் சிவப்பாக இருந்த திரவம் முடிவுப்புள்ளி நெருங்க ஊதாவாகி, பிறகு பச்சை கலந்த நீலமாகி, பினோத்தலீனின் நிறத்தை மறைத்துவிட்டது. குடுவையில் வடிநீரை நிறைய விட்டு நிறத்தை வெளிற வைத்து மறுபடியும் செய்தோம். மூன்று முறையும் 9.0 மில்லிலீற்றரை ஒட்டியே வந்தது. அது 100 மில்லிலீற்றருக்கு 5.4 கிராம் அமிலம். நாவலின் சொந்தப் புளிப்பும் அதில் சிறு பங்காக அடங்கும். வினாகிரிக்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் 4 கிராமுக்கு அது தாராளமாக மேலே இருப்பதால், ஊறுகாய்க்கு நம்பிப் பயன்படுத்தலாம்.

வடித்து, 70 பாகைக்குச் சூடாக்கி, கழுத்து வரை நிரப்பி அடைத்ததில் 750 மில்லிலீற்றர் போத்தல்கள் பதினொன்று கிடைத்தன. சூடாக்காத ஒரு ஜாடியைப் படலத்துடன் அடுத்த தடவைக்கு வித்தாக வைத்திருக்கிறாள். மாரியில் பப்பாசியில் முயலப்போவதாகச் சொல்கிறாள். அப்போது வீசுவது வாடைக்காற்று. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும், சாக்கு காயாது, காயாத சாக்கு குளிர்விக்காது. ஆனால் குசினியின் வெப்பநிலையும் அப்போது சில பாகை இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கும் என்பதை அறிய, ஐப்பசி தொடங்கியதிலிருந்து நாள்தோறும் மதியம் அதே மூலையில் வெப்பமானியை வைத்துக் கொப்பியில் எழுதி வருகிறாள்.